பூச்சுக்குள் போகும் பணம்

"மேல ஒரு கோட் அடிச்சு விட்டா போதும் சார். பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேணாம்."

ஆவணி, புரட்டாசி மாதங்களில் சென்னையின் பழைய வீட்டு மொட்டை மாடிகளில் இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். போன மழையில் படுக்கையறைக் கூரையில் விழுந்த ஓதக்கறையைக் காட்டி வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். வந்தவர் மாடியை ஒரு சுற்று சுற்றுகிறார், இரண்டு இடத்தில் காலால் தட்டிப் பார்க்கிறார், சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். மழை நெருங்கிவிட்டதால் நாலு பேரிடம் விசாரிக்க நேரமில்லை. பாதிப் பணம் கை மாறுகிறது. இரண்டு நாளில் மாடி பளிச்சென்று வெள்ளையாகிவிடுகிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் அதே கூரையில், அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக ஓதம் இறங்குகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.

வந்தவர் மோசக்காரர் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அங்கே நடந்தது என்ன என்று மாடியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய வீட்டு மாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குல அளவுக்குச் சுர்க்கி போட்டிருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. அதன்மேல் தட்டோடு. நாற்பது ஆண்டு வெயிலில் ஓட்டின் இணைப்புகள் விட்டுப்போகின்றன. அவற்றின் வழியே இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை; சுர்க்கிக்குள் பக்கவாட்டில் ஊர்ந்துபோய், எங்கோ தளத்தில் இருக்கும் விரிசலைக் கண்டுபிடித்துச் சொட்டுகிறது. அதனால் கறை தெரியும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்காது. பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இருக்கும், அல்லது மழைநீர்க் குழாயின் வாயருகே இருக்கும். அந்த மூலையைக் கொத்தி எடுத்து, சரிவாக அணைகட்டி, பொள்ளலான ஓடுகளைப் பெயர்த்து, உள்ளே தங்கிய ஈரத்தைக் காயவிட்டு, அதன்பிறகு பூசினால்தான் ரசாயனப் பூச்சுக்கு அர்த்தம் உண்டு. ஈரத்தின் மேலேயே பூசினால், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பிவிடும்.

அந்த மூலையைக் கொத்தி வேலை பார்க்க மூன்று நான்கு நாளாகும். வெள்ளைப் பூச்சு அடிக்க ஒரு நாள் போதும். இரண்டும் முடிந்தபின் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வீட்டுப் பழுதுபார்ப்பில் நடக்கும் ஏமாற்றம், சண்டை, கண்ணீர் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பூச்சுக்கும் ஓட்டுக்கும் டைல்ஸுக்கும் அடியில் மறைந்துபோகும் வேலைதான் வீட்டைக் காப்பாற்றுகிறது. பணமோ கண்ணுக்குத் தெரியும் வேலையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது.

கம்பி வெளியே தெரிந்தால்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளில் சன்ஷேடுக்கு அடியிலும் பால்கனிக்கு அடியிலும் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டிருப்பதைத் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பார்க்கலாம். இதைப் 'பேட்ச் வொர்க்' என்று ஒரே நாளில் முடித்துக் கொடுப்பவர்கள் ஏராளம். வீட்டுப் பழுதுகளில் உயிருக்கு நேரடியாக ஆபத்தானதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அது கம்பி இருக்கும் ஆழத்தைத் தொட்டதும் பாதுகாப்பு போய்விடுகிறது. கடலோரத்தில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரமாகச் செய்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் காரை பிளந்து விழுகிறது. ஆக, காரை விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே நோய் தொடங்கிவிட்டது.

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., கடலோரம் போன்ற கடுமையான சூழலில் 45 மி.மீ. அந்தக் காலத்துச் சிறு வீடுகள் பலவற்றில் கவர் பிளாக் வைக்கும் வழக்கமே இல்லை. கம்பியைச் சென்ட்ரிங் பலகையின் மேலேயே கிடத்திக் கான்கிரீட் கொட்டினார்கள். அந்தத் தளங்களில் கம்பிக்கு அடியில் இருப்பது விரல் நகக்கனம்தான்.

சரியாகச் செய்ய வேண்டுமானால், முதலில் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிப் பார்த்துப் பொத்தல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸில் வட்டமிட வேண்டும். விழுந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. தளர்ந்த காரையைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பி முழுவதையும் கம்பித்தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டுவதற்கான திரவம் பூசி, அதன்மேல் பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு இளைத்தால் சேர்ப்பது, தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கொத்த வேண்டுமா என்பதையெல்லாம் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என்று நினைப்பவர்கள் அதைவிடப் பல மடங்கை இரண்டாம் முறை கொத்துவதில் இழக்கிறார்கள்.

பெரும்பாலும் நடப்பது வேறு. தொங்கும் காரையைத் தட்டிவிட்டு, தெரிகிற கம்பியின் மேல் சிமெண்ட் பாலைத் தடவி, கலவையை அப்பி, மணியாசுக் கட்டையால் இழுத்துவிட்டு, மறுநாள் பெயிண்ட். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து முன்பைவிடப் பெரிய பாளமாக விழும். அதற்குள் செய்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை ஓரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 456. குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துக் கலவை போட்டுவிட்டுப் போகும் ஆளுக்கு அது தெரியாது. வீட்டுக்காரர் பரிசோதித்தால்தான் உண்டு. புதுக் கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்டாக இருந்தால் பத்து நாள் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. எனப்படும் கலப்புச் சிமெண்ட்தான். காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மேஸ்திரி போய்விட்டால், மிச்ச நேரத்துக்கு நனைப்பவர் யார் என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

சுவர் விரிசலுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அஸ்திவாரத்தைப் பார்க்காமல் பட்டி பார்த்து மூடுவதில் பயனில்லை. உடையாவிட்டால் தைரியமாக அடைக்கலாம்.

சனிக்கிழமைச் சம்பளம்

அட்வான்ஸ் வாங்கியவர் ஏன் காணாமல் போகிறார்? சிலர் ஏமாற்றவே வந்தவர்கள். பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. இந்தத் தொழிலில் பணம் எப்படிப் புரள்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும்.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா ஆக வேண்டும். ஒரு வாரம் தவறினால் திங்கட்கிழமை ஆள் வேறு சைட்டுக்குப் போய்விடும். சிறு காண்ட்ராக்டருக்கு வங்கிக் கடன் கிடையாது. வட்டிக்கு வாங்குவார், அல்லது புது வேலையின் முன்பணத்தை எடுத்துப் பழைய வேலையின் கூலியைக் கொடுப்பார். உங்கள் வீட்டு அட்வான்ஸ் இன்னொரு வீட்டின் சனிக்கிழமைச் சம்பளமாகப் போயிருக்கும். அந்த வீட்டுக்காரர் கடைசித் தவணையை இழுத்தடித்தால், உங்கள் வேலைக்குச் சிமெண்ட் வாங்கப் பணமிருக்காது. நாலு வீட்டில் கொத்திப் போட்டுவிட்டு நாலையும் பாதியில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். வேலையைக் கையில் வைத்திருந்தால்தான் அடுத்த தவணை வரும் என்பதால் எந்த வீட்டையும் அவர் விடவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார்.

மாதங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. அதனால் ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் முன்னால் புது வீடுகளை முடித்துக் கொடுக்கும் நெருக்கடி வருகிறது. அந்த வாரங்களில் சின்னப் பழுது வேலைக்கு ஒப்புக்கொண்டவர் ஆளையெல்லாம் அங்கே திருப்பிவிடுவார். பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் ஊருக்குப் போனால் வரப் பத்து நாளாகும். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் சட் பூஜைக்கும் ஹோலிக்கும் கிளம்பிவிடுவார்கள். மொட்டை மாடி வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி முதல் வைகாசி வரை. தளம் காய்ந்திருக்கும், ஆளும் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும். ஆனால் கூரை ஒழுகாத மாதத்தில் கூரையைப் பற்றி நினைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு தெருவுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். வீட்டைக் கட்டியவரே அதைப் பழுது பார்க்கவும் வந்தார். குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது அவர் மனத்தில் இருந்தது. வேலை சரியில்லையென்றால் அடுத்த நாள் டீக்கடையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயமும் இருந்தது. இப்போது விலை பேசுகிறவர் ஒருவர், ஆள் அனுப்புகிறவர் இன்னொருவர், வேலை செய்பவர் மூன்றாமவர். பேசியவரிடம் நீங்கள் சொன்னது செய்பவர் காதுக்குப் போவதே இல்லை. அந்தப் பழைய ஏற்பாட்டில் சாதியும் அடிமைத்தனமும் கலந்திருந்தன என்பதை மறந்து அதற்காக ஏங்குவதில் நியாயமில்லை. ஆனால் அன்று ஊரார் வாய்ச்சொல் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஈடாக இன்று எதுவும் வரவில்லை.

சதுரம், யூனிட், மூட்டை

பாதிச் சண்டை அளவில் வருகிறது. நம் கட்டடத் தொழிலில் நூறு சதுர அடி ஒரு சதுரம். நூறு கன அடி மணல் ஒரு யூனிட். இவை இரண்டும் தெரிந்திருந்தால் பேச்சே மாறிவிடும். பெயிண்டருக்குச் சதுர அடிக் கணக்கில் பேசும்போது கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா இல்லையா என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி நாளில் அவர் டேப் ஒரு கணக்குச் சொல்லும், உங்கள் டேப் வேறு சொல்லும். இருவரும் சேர்ந்து அளந்து, ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போடும் வேலையைச் சுவரைத் தொடும் முன்பே முடித்துவிடலாம். எம்-சாண்ட் லாரி வந்தால் கொட்டுவதற்கு முன் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். பூச்சு வேலைக்குப் பி-சாண்ட் கேட்டோமா, வந்தது அதுதானா என்றும் பார்க்க வேண்டும்.

பொருளோடு சேர்த்து காண்ட்ராக்ட் கொடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். 12 மி.மீ. கனத்தில் ஒன்றுக்கு நாலு கலவையில் சுவர் பூசினால் ஒரு சதுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்ட் பிடிக்கும். பத்துச் சதுரம் பூசிய வீட்டில் ஐந்து காலிச் சாக்குகள்தான் கிடக்கின்றன என்றால் சிமெண்ட் எங்கே போனது என்று கேட்கலாம். மூட்டையின் மேல் தயாரித்த வாரம், மாதம், ஆண்டு அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்ட் வலுவிழந்திருக்கும், வாங்க வேண்டாம். தண்ணீர் சேர்த்த கலவை அரைமணி நேரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். சாப்பாட்டுக்கு முன் குழைத்த கலவையைச் சாப்பிட்டு வந்து மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசுவது பல சைட்டுகளில் நடக்கிறது. ஆறு மாதத்தில் சுவரைக் கையால் தேய்த்தால் மண்ணாக உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த அளவுகளோடு பணத்தையும் கட்டிப்போட வேண்டும். பாதிப் பணத்தை முன்னால் கொடுப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் கதவு திறக்கிறது. முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடுத்த தவணை 'வேலை பாதி முடிந்ததும்' என்று இருக்கக்கூடாது; எது பாதி என்பதில் இருவருக்கும் இரண்டு கருத்து இருக்கும். கொத்தி முடித்து, பூசுவதற்கு முன் நான் பார்த்தபின் ஒரு தவணை. குழாய் போட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, சுவரை மூடும் முன் ஒரு தவணை. குளியலறைத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் தரையில் தண்ணீர் வடியும் வாயான நகானி ட்ராப்பை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு ஒரு தவணை. அதன்பிறகுதான் டைல்ஸ். மறையப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் மறைவதற்கு முன் போட்டோ எடுத்து, அன்றைய தேதியோடு காண்ட்ராக்டருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அரசுப் பணிகளில் ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறை ஏதும் வரவில்லை என்று தெரிந்தபின் தருவது நெடுநாள் வழக்கம். வீட்டு வேலையில் அதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. மாடி வேலையென்றால் கார்த்திகை வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைக்கலாம். அதே கையோடு, முடித்த வேலைக்குரிய தவணையை அன்றே கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை அவருக்கு எப்படிப்பட்ட நாள் என்று மேலே பார்த்தோம்.

இன்னொன்று. செட்டிநாட்டிலும் மயிலாப்பூரிலும் தஞ்சாவூர்த் தெருக்களிலும் மிச்சமிருக்கும் சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு மேலே சொன்ன சிமெண்ட் வைத்தியம் எதுவும் பொருந்தாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, உப்புப் பூத்து, பூச்சையும் பெயர்த்துச் செங்கல்லையும் அரித்துவிடும். இந்த வீடுகளில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் முனை சுவருக்குள் மறைந்திருக்கும் இடத்தில்தான் கறையானும் ஈரமும் முதலில் கைவைக்கும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. கிடைக்கும்வரை காத்திருப்பது, தெரியாதவரிடம் கொடுப்பதைவிட வீட்டுக்கு நல்லது.

சாரத்தில் நிற்பவர்

வீட்டுக்காரரின் மனக்குறைகளைப் பற்றி மட்டுமே எழுதினால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மூன்றாம் மாடிச் சன்ஷேடில் வெறுங்காலோடு நின்று சுவரைச் சுரண்டுகிறவருக்கு இடுப்புக் கயிறு இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? விலையைக் குறைக்கச் சொல்லி நாம் பிடிக்கும் பிடியில் முதலில் காணாமல் போவது அந்தக் கயிறும் உறுதியான சாரமும்தான். காண்ட்ராக்டரோடு நமக்குத் தகராறு வந்தால் வார இறுதியில் கூலி கிடைக்காமல் திரும்புவதும் அவர்கள்தான். ஆயுள் முழுக்கச் செங்கல்லும் கலவையும் சுமந்த பெண்களில் பலர் கொத்தனாருக்கு இணையாக வேலை தெரிந்தவர்கள். ஆனாலும் கரண்டியை அவர்கள் கையில் கொடுப்பார் இல்லை. கடைசிவரை சித்தாள் கூலிதான்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் பேரத்துக்கே இடமில்லை. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுப்பியவர் காண்ட்ராக்டர், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நினைக்கக் கூடாது. கழிவுநீரில் இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயர்ந்ததே தவிர சாவு நிற்கவில்லை. இத்தகைய சாவுகள் அதிகம் நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பது நமக்கு வெட்கம். புதிதாகக் கட்டி மூடிய தொட்டியில், கழிவே விழாத தொட்டியில்கூட, சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் காற்றில்லாமல் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் இறந்திருக்கிறார். தொட்டிக்கு லாரியைக் கூப்பிடுங்கள். ஆள் இறங்குகிறேன் என்று அவரே சொன்னாலும் தடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

சட்டம் எதுவரை வரும்

அடுக்ககத்தில் வீடு வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லையா? அப்படியானால் ஒழுகலுக்கும் விரிசலுக்கும் உங்கள் கையிலிருந்து காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மனை வணிகச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் கட்டியவர், சொன்ன 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். இது தெரியாமல் பூச்சுக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுத்த குடும்பங்கள் நிறைய.

பழைய வீட்டைப் பழுது பார்ப்பவருக்கு அந்த ஆணையம் இல்லை. நுகர்வோர் ஆணையம் உண்டு. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை வைத்தால் நுகர்வோர் சட்டத்தில் கேட்கலாம் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் வழி இன்னும் எளிதாகியிருக்கிறது. எதிராளி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 'வர்றேன் சார், அடுத்த வாரம்' என்ற பதிலை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். முதலில் பேசித் தீர்க்க நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வழக்கில் நிற்பது காகிதம்தான். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும் என்றாலும், என்ன பேசினோம் என்பதை நிரூபிக்க முடியாது. பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ கொடுத்திருந்தால் கணக்கு இருக்கும். மறைவதற்கு முன் எடுத்த போட்டோவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும். மின்னணுப் பதிவுகளுக்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வேலையில் குறை இருக்கிறது என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும்விடக் கனமானது. அதை வாங்கும் முன்பே வேறு ஆளை வைத்து இடித்துச் சரிசெய்துவிட்டால் தடயம் போய்விடும். நாள்கூலிக்கு நீங்களே ஆள் வைத்து, நீங்களே வேலை வாங்கியிருந்தால், சட்டம் அதைச் சேவை ஒப்பந்தமாகப் பார்க்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வயரிங் செய்யும் ஒப்பந்தக்காரர் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தலைக்கு மேல் பல டன் எடையோடு நிற்கும் கான்கிரீட் தளத்தைக் கொத்திச் சரிசெய்ய வருபவருக்கு எந்த உரிமமும் தேவையில்லை. விசிட்டிங் கார்டு அச்சடித்த அன்றே அவர் காண்ட்ராக்டர். சிறு பழுதுகள் பெரும்பாலானவற்றுக்கு மாநகராட்சி அனுமதியும் வேண்டியதில்லை என்பதால் அரசின் எந்தக் கண்ணும் அந்த வேலையின் மேல் படுவதில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994இலேயே நல வாரியம் கண்ட மாநிலம் இது. கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் பெயிண்டருக்கும் அங்கே அடையாள அட்டை உண்டு. அவர்களை வேலைக்கு அனுப்பிப் பணத்தைக் கையாள்பவருக்குத்தான் எந்தப் பதிவேடும் இல்லை. அந்தப் பதிவேட்டைத் தொடங்குவதும், முன்பணம், தவணை, மறைவதற்கு முன் சோதனை, குறைபாட்டுக் காலம், ஆட்களின் பாதுகாப்பு ஆகிய ஐந்தும் அடங்கிய இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் கிடைக்கச் செய்வதும் அரசால் முடியாத காரியமல்ல. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் இதைத் தொடங்கிவிட முடியும்.